ஜோவானுக்குச் சுரக்காத பால்

டத்தோ கிராமாட் பக்கம் போய் ஜோவானைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, அந்த வாயாடியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதை அவள் காதுபடச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பாசாரில் மீன்காரனிடம் சண்டை போடுவாள். போட்ட சூடு ஆறுமுன் அவன் பெண்டாட்டியின் முழங்கால் வலியை விசாரித்துக்கொண்டிருப்பாள். பேசும்போது கை சும்மா இருக்காது. தோளில் தட்டும், கன்னத்தைக் கிள்ளும், இழுத்து அணைக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் மற்றவர்கள் பக்கத்து ஆளைப் பார்த்துக் கைகூப்பி முடித்துவிடுவார்கள். ஜோவான் மட்டும் முன்வரிசை வரை நடந்து போய் எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு வருவாள். சாமியார் பீடத்தில் காத்துக்கொண்டு நிற்பார்.

இப்படி ஊரையே கட்டிப்பிடிக்கிறவளுக்கு, பெற்ற ஒரே மகளைக் கட்டிப்பிடிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

நவோமிக்கு எட்டு வயது. யாராவது தொட்டால் தோளை உள்ளே இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். பேச்சு இருக்கிறது, ஆனால் அவளுக்கு வேண்டும்போது மட்டும்தான் வெளியே வரும். ஒரு கோப்பை நிறைய ஐஸ் கட்டியைக் கொடுத்தால் போதும், அது கரைந்து முடிகிறவரை மகாராணி இந்த உலகத்தில் இருக்க மாட்டாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மூன்று வயதாகும்போது. அதன்பிறகு தனி வகுப்பு, தெரபி என்று ஜோவானும் அவள் கணவன் நாதனும் அலையாத இடமில்லை.

டாக்டர் சொன்னதை ஜோவான் தாங்கிக்கொண்டாள். நவமணி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

நவமணி, நாதனின் மூத்த அக்கா. கணவர் தவறிய பிறகு குடும்பம் முழுவதற்கும் அவள் வைத்ததுதான் சட்டம். இரண்டு தெரு தள்ளி, மகள் ரெஜினாவோடும் தம்பி வில்லியத்தோடும் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் குடும்பம் மொத்தமும் அங்கே கூடி ஜெபமாலை சொல்ல வேண்டும். முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து ஒவ்வொரு பெரியவர் முன்னாலும் போய் நின்று "தோத்திரம்" என்பார்கள். பெரியவர்கள் அவர்கள் நெற்றியில் விரலால் சிலுவை போடுவார்கள். எல்லாப் பிள்ளையும் போகும். நவோமி சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள்.

"அத எப்படிக் குறை சொல்றது?" என்பாள் நவமணி, எல்லோருக்கும் கேட்கும்படி. "தாய்ப்பால் குடிச்சாத்தானே பாசம் ஊறும்? இது டின் பால்ல வளந்த பிள்ளை."

பெற்றவள் முகத்துக்கு நேராக ஒரு பெண் சொல்கிற பேச்சா இது? சொன்னாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சொன்னாள். ஊரெல்லாம் வாயடிக்கிற ஜோவான் அங்கே மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவளும் அதையே நம்பினாள்.

பிள்ளை பிறந்தபோது ஜோவான் என்ன பாடுபட்டாள் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. பால் சுரக்கவில்லை. சுறாப் புட்டு தின்றாள், பூண்டை வதக்கி வதக்கித் தின்றாள், பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா பச்சைப் பப்பாளியும் மீனும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்த சூப்பைப் பானை பானையாகக் குடித்தாள். சொட்டுச் சொட்டாக வந்ததையும் நவோமி வாயில் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரசவ லீவு முடிந்ததும் ஜோவான் பிறைத் தொழிற்பேட்டைக்குப் போகும் பேக்டரி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய்விட்டாள். வேறு வழி? அப்போது நாதனுக்கு நிரந்தர வேலை இல்லை.

அந்த வேலை அவளுக்கு உயிர். எலெக்ட்ரானிக் பலகைகளைச் சோதிக்கிற பிரிவில், புதிதாக வருகிற பெண்களுக்குப் பக்கத்தில் நின்று பழக்கிவிடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நேப்பாளத்துப் பெண்ணோ பர்மியப் பெண்ணோ, மொழி தெரியாவிட்டால் கையாலேயே பேசிச் சொல்லிக்கொடுத்துவிடுவாள். பிரிவுத் தலைவி காமாரியா இந்த வருஷம் அவளைப் பயிற்சியாளராகப் போட முடிவுசெய்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் போனில் அந்த வீடியோ வந்தது.

அழகாக உடை உடுத்திய ஒரு பெண் அதில் பேசினாள். மனிதரை மனிதரோடு ஒட்டவைக்கிற ஒரு ஹார்மோன் இருக்கிறதாம், ஆக்ஸிடோசின் என்று பெயராம், அன்பு ஹார்மோன் என்றும் சொல்வார்களாம். தாய் பால் கொடுக்கும்போது அது பெருகுமாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அது குறைவாம். நீண்ட நேரம் அணைத்தால் ஊறுமாம். கீழே மூக்கில் அடிக்கிற ஸ்பிரே ஒன்றுக்கு விளம்பரம்.

ஜோவான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நவமணி வாய்க்கு வந்தபடி சொன்னதை இப்போது விஞ்ஞானமே சொல்கிறது! பால் இல்லை, அதனால் ஹார்மோன் இல்லை, அதனால் பாசம் இல்லை. கணக்கு சரியாகப் பொருந்திவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் அவளே ஒரு வைத்தியம் தொடங்கினாள். காலையில் பள்ளிக்குப் போகுமுன் நவோமியைப் பிடித்து மடியில் வைத்து இறுக்கி அணைப்பாள். பிள்ளை திமிறும், அலறும். "கொஞ்ச நேரம்மா, கொஞ்ச நேரம், ஊறட்டும்" என்று இவள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நவோமி அவள் முன்கையில் பல் பதியக் கடித்துவிட்டாள். நாதன் ஓடிவந்து பிரித்தான்.

"உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? பிள்ளை பயப்படுதுலா!"

"வேலைக்கு ஓடிக்கிட்டே அணைச்சா அப்படித்தான் இருக்கும். நாள் முழுக்க வீட்ல இருந்தாத்தான் சரிவரும்" என்றாள் ஜோவான்.

மறுநாள் காமாரியாவிடம் போய் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். காமாரியா நம்பவில்லை. "அலாமாக், ஜோவான்! பயிற்சியாளராகப் போடுகிறேன் என்கிறேன், நீ வீட்டுக்குப் போகிறேன் என்கிறாயே?" என்று மலாயில் சத்தம் போட்டாள். காரணம் கேட்டாள். ஜோவான் மகளுக்காக என்றாள், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் திங்கட்கிழமை வரை யோசி, அதற்குள் எதுவும் எழுதிக் கொடுத்துவிடாதே என்று காமாரியா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

இந்த நிலையில்தான் தெரபி சென்டரில் ஷர்மினியைப் பார்த்தார்கள். ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பெண். மரபணு ஆராய்ச்சி செய்கிறவள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமிருந்தும் அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் எச்சில் வாங்கி ஆராய்கிறார்கள் என்றும், இந்த ஆக்ஸிடோசினையும் அதற்கு உறவான இன்னொரு ஹார்மோனையும் பற்றித்தான் ஆராய்ச்சி என்றும் சொன்னாள். ஜோவான் உடனே சம்மதித்தாள். இதுதான் இடம். இங்கே தெரிந்துவிடும், என் குற்றமா இல்லையா என்று.

எச்சில் கொடுக்கிற அன்று நவமணியும் கிளம்பி வந்தாள். "குடும்பத்தப் பத்திக் கேப்பாங்களாமே, ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று காடியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நவோமிக்கு அன்றைக்குப் பெருநாள். கண்ட இடத்தில் துப்பாதே என்று அடிவாங்கிய பிள்ளையிடம் ஒரு குழாயைக் கொடுத்துத் துப்பு என்றால் விடுவாளா? நிரப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு குழாய் கேட்டாள். ஜோவானுக்குத்தான் வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. எவ்வளவு முயன்றாலும் வெறும் நுரைதான் வந்தது.

"அக்கா, மாங்கா ஊறுகாய நினைச்சுக்கோங்க" என்றாள் ஷர்மினி.

"எட்டு வருஷமாப் புளிப்புத்தான் தின்னுக்கிட்டிருக்கேன், அதுக்கே ஊறல" என்றாள் ஜோவான். நவமணி காதில் விழாததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஷர்மினி குடும்ப வரைபடம் போட்டாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டாள். பேசத் தாமதமானவர்கள், யாரோடும் சேராமல் தனியாகவே இருப்பவர்கள், இரண்டு பக்கமும் யாராவது உண்டா?

"எங்க பக்கம் எல்லாம் என்னை மாதிரிதான்மா, வாய மூட மாட்டாங்க" என்றாள் ஜோவான்.

நாதன் சொன்னான்: "எங்க அண்ணன் வில்லியம் ஒருத்தரு இருக்காரு. லிட்டில் இந்தியாவுல துணிக்கடையில சேலை மடிக்கிற வேலை. அதிகம் பேச மாட்டாரு, யாரையும் பார்க்க மாட்டாரு. ஆனா அது இது இல்ல. சின்னப் பிள்ளையில மூளைக் காய்ச்சல் வந்து அப்படி ஆயிட்டாரு."

"ஆமா, காய்ச்சல்தான்" என்றாள் நவமணி, கேட்காமலே.

"எத்தனை வயசுல ஆன்டி? எந்த ஆஸ்பத்திரியில பார்த்தீங்க?"

"அந்தக் காலத்துல யாரு அதெல்லாம் ஞாபகம் வச்சா? எழுதிக்கோ, காய்ச்சல்."

ஷர்மினி அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டாள். பிறகு நவோமியைப் பற்றி ஜோவானிடம் நிறையக் கேட்டாள். கண்ணைப் பார்ப்பாளா, விரல் நீட்டிக் காட்டுவாளா, தனக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து "இதப் பாரு" என்று காட்டுவாளா? எல்லாவற்றுக்கும் ஜோவான் இல்லை, இல்லை, இல்லை என்றே சொன்னாள்.

மற்றவர்கள் வெளியே போனதும் அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ரிசல்ட் எப்பம்மா வரும்?"

"உங்களுக்குன்னு, நவோமிக்குன்னு தனியா ஒண்ணும் வராதுக்கா. நிறைய குடும்பத்தச் சேர்த்து வச்சுப் பார்த்தாத்தான் எங்களுக்கே ஏதாவது புரியும்."

"அப்ப எதுக்கும்மா என் எச்சில்?"

"இனிமே பொறக்கப்போற பிள்ளைங்களுக்கு." ஷர்மினி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டாள். "நீங்க வேற ஏதோ கேக்க வந்தீங்க. கேளுங்க."

அணை உடைந்தது. பால் சுரக்காதது, வேலைக்குப் போனது, வீடியோ, கடித்த தழும்பு எல்லாவற்றையும் ஜோவான் கொட்டித் தீர்த்தாள். "நான் பால் குடுத்திருந்தா இவளுக்கு அந்த ஹார்மோன் ஊறியிருக்குமா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"அக்கா, உங்க பாலுக்கும் அவளோட ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இல்ல. அந்த ஹார்மோன அவ மூளையே செய்யுது. உங்க மூளையும் செய்யுது, உங்க வீட்டுக்காரர் மூளையும் செய்யுது. மூளையில அத வாங்கிக்கிற இடம்னு ஒண்ணு இருக்கு. அந்த இடம் எப்படி அமையணும்னு ஒரு ஜீன் சொல்லுது. அது ஆளுக்கு ஆள் கொஞ்சம் கொஞ்சம் மாறும். சில மாதிரி அமைப்பு ஆட்டிசம் உள்ளவங்ககிட்ட கூடுதலா இருக்குன்னு சில ஆராய்ச்சி சொல்லுது, இன்னும் சிலது இல்லங்குது. அது ஒண்ணால மட்டும் வர்றதும் இல்ல. நூத்துக்கணக்குல ஜீன் இருக்கு, ஒவ்வொண்ணும் துளித்துளியா. பெரும்பாலும் பிள்ளை வயித்துல இருக்கும்போதே தொடங்கிருது."

ஜோவான் தன் வேலையை வைத்துப் புரிந்துகொண்டாள். "அப்ப சிக்னல் போகுது, வாங்குற பக்கம் வேற மாதிரி இருக்குங்கிற."

"கிட்டத்தட்ட அப்படி இருக்கலாம்னு நினைக்கிறோம். முழுசா யாருக்கும் தெரியாது."

"மூக்குல அடிக்கிற அந்த ஸ்பிரே?"

"வெளிநாட்டுல நிறைய பிள்ளைங்களுக்கு மாசக்கணக்கா குடுத்துப் பார்த்தாங்க. மருந்தே இல்லாத ஸ்பிரே அடிச்ச பிள்ளைங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் தெரியல. வீடியோவப் பார்த்து வாங்கிராதீங்கக்கா. அப்புறம், இறுக்கிப் பிடிக்கிறதையும் விட்ருங்க. அவளுக்குப் பாசம் இல்லன்னு யாரு சொன்னா? அது வர்ற வழி வேற."

நல்ல பெண், பொறுமையாகத்தான் சொன்னாள். ஜோவானும் தலையாட்டினாள். ஆனால் வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "பரம்பரையில இருந்து வர்றதுன்னா, எங்க ரெண்டு வீட்லயும் யாருக்குமே இல்லையேம்மா? வில்லியம் அண்ணனுக்கும் காய்ச்சல்தானே?"

"யாருக்கும் இல்லாமலும் வரும்கா. புதுசாவும் மாற்றம் நடக்கும்."

காது கேட்டுக்கொண்டது, மனசு கேட்கவில்லை. இரண்டு குடும்பத்திலும் இல்லாத ஒன்று தன் பிள்ளைக்கு மட்டும் வந்தது என்றால், மிச்சம் இருப்பது யார்? தான்தான். படித்த பெண் ஆறுதலுக்காக மூடி மறைத்துச் சொல்கிறாள் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை வேலையை விட்டுவிடுவது என்பது உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் நாதன் வெளியே போயிருந்தான். ஜோவான் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நவோமி மேசைக்கு அடியில் ஐஸ் கோப்பையோடு இருந்தாள். பிள்ளையைத் தொடாமல், பிள்ளை முகத்தையும் பார்க்காமல், ஜோவான் பேசிக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து அம்மா எங்கயும் போகலடா. உன்கூடத்தான். பால் குடுக்காத பாவி நானு. உனக்குச் சேர வேண்டியத உனக்குக் குடுக்காம மிஷின் பக்கத்துல போய் நின்னேன். எப்படியாவது சரிபண்ணிருவேன். அம்மாவ மன்னிச்சிரும்மா." சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். கடிபட்ட கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

நிமிர்ந்தபோது நவமணி உள்ளே நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் வந்த காரியம் வேறு. மறுநாள் ரெஜினாவுக்குச் சம்பந்தம் பேச புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ரெஜினாவும் அந்தப் பையனும் கோயில் பாடற்குழுவில் பழகியவர்கள், இனிப் பெரியவர்கள் பேச வேண்டியதுதான் பாக்கி. "நீ மட்டும் வா, நவோமிய நாதன்கிட்ட வீட்ல விட்டுட்டு வா" என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். வில்லியத்தை வழக்கம்போல் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவதாக ஏற்பாடு.

நவமணி அதைச் சொல்லவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அவனுக்குக் காய்ச்சல் வரல" என்றாள்.

"யாருக்குக்கா?"

"வில்லியத்துக்கு. ஒரு நாளும் வரல. நான் இடுப்புல தூக்கி வளத்தவ, எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்தே அவன் அப்படித்தான். கூப்பிட்டா திரும்ப மாட்டான். தொட்டா ஓடுவான். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, அவங்க கேட்டுருவாங்கன்னு எங்கம்மா கட்டிவிட்ட கதை அந்தக் காய்ச்சல். பிறகு எல்லாரும் அதையே சொன்னோம். நாதன் அப்ப கைப்பிள்ளை, அவன் அதையே நம்பி வளந்தான்."

ஜோவான் கடிபட்ட கையை மடியில் இறக்கினாள்.

நவமணி அதோடு நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் சொல்லிர்றேன். எங்கம்மாவுக்குப் பால் ஆறாப் பெருகும். வில்லியம் ஓடியாடுற வயசு வரைக்கும் அவகிட்டதான் பால் குடிச்சான். எங்க வீட்லயே அதிகமாத் தாய்ப்பால் குடிச்ச பிள்ளை அவன்தான் ஜோவான்."

மேசைக்கு அடியில் நவோமி ஐஸைக் கடித்தாள்.

அப்புறம் ஜோவானின் வாய் திறந்தது. அடேயப்பா! அத்தனை வருஷம் பூட்டிவைத்த வாய் அது. "எட்டு வருஷமாக்கா! ஜெபமாலைய கையில வச்சுக்கிட்டே சொன்னீங்களே! தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்களே! நான் அந்தப் பிள்ளைய இறுக்கி இறுக்கி, அது பயந்து அலறி, இந்தக் கையப் பாருங்க! நீங்க மனுஷிதானா?" நவமணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "திட்டு. நல்லாத் திட்டு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். "உன்மேல பழியப் போட்டா எங்க வீட்டுப் பக்கம் யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சேன். ரெஜினா இருக்காளே. தப்புத்தான்."

திட்டித் தீர்ந்த பிறகு ஜோவானுக்கு மூச்சு வாங்கியது. கூடவே வயிற்றுக்குள் கட்டியிருந்த கல் அவிழ்ந்து விழுந்ததும் தெரிந்தது. ஷர்மினி சொன்ன ஒவ்வொரு சொல்லும் இப்போதுதான் உள்ளே இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது.

"வில்லியம் அண்ணனுக்குப் பாசம் இல்லையாக்கா?"

"யாரு சொன்னா?" நவமணி மூக்கை உறிஞ்சினாள். "எங்கம்மா சமைக்கிறப்ப, அவ சேலை நுனிய ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு நிப்பான். அவள பார்க்க மாட்டான், சுவத்தத்தான் பார்ப்பான். ஆனா அவ அடுப்ப அணைக்கிற வரைக்கும் விட மாட்டான். எங்கம்மாவுக்கு அது போதும்னு இருந்துச்சு."

நாதன் வந்தபோது இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டு அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப இது என் பக்கத்துலேர்ந்தா வந்துச்சு? என்னாலயா?"

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்றாள் ஜோவான். "இப்பத்தான் நான் எறங்கினேன், நீங்க ஏறி உக்காராதீங்க. அவளுக்கு மூக்கு உங்க மூக்கு. அதுக்காக உங்கள போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தேனா?"

அவள் ஷர்மினிக்குப் போன் போட்டு, அந்தச் சதுரத்தில் இருக்கிற காய்ச்சலை அடித்துவிடச் சொன்னாள். இந்த ஒன்றை வைத்து எதையும் முடிவாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், சொன்னது ரொம்ப உதவி என்றாள் ஷர்மினி. "முடிவெல்லாம் நீ பொறுமையாச் சொல்லும்மா, எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு" என்றாள் ஜோவான். காமாரியாவுக்கும் கையோடு செய்தி அனுப்பினாள், பயிற்சியாளர் வேலைக்குச் சம்மதம் என்று.

அவள் போனை வைத்தபோது நவோமி மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து நின்றாள். கோப்பையை ஜோவானின் மூக்குக்கு நேராக நீட்டினாள். உள்ளே ஒரே ஒரு சின்ன ஐஸ் துண்டு மிதந்தது.

"கரையுது" என்றாள் நவோமி.

இதுவரை அவள் எதையும் யாரிடமும் கொண்டுவந்து காட்டியதில்லை. ஜோவானின் இரண்டு கையும் அணைக்கத் துடித்தன. அவற்றைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆமாடா, கரையுது" என்றாள். துண்டு முழுக்கக் கரைகிறவரை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நவமணி வீட்டுக் கூடத்தில் வில்லியம் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்காமல் நவோமி பக்கத்தில். அவளைப் பார்க்காமல் அவன். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், நவமணி எழுந்து நின்றாள். பூசையில் வாசகம் வாசிக்கிறவள்போல் நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள்.

"இது என் தம்பி. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். அவன் பொறந்த காலத்துல இதுக்கு ஒரு பேரு சொல்ல ஆள் இல்ல. இவ என் சின்னத் தம்பி மக, இவளுக்கு ஆட்டிசம். எங்க குடும்பத்துல இது இருக்கு. தெரிஞ்சுக்கிட்டுப் பேசுறதுதான் நியாயம்."

ரெஜினா தாயைப் பெருமையாகப் பார்த்தாள். மாப்பிள்ளைப் பையன் ரெஜினாவைப் பார்த்தான். ஆனால் அவன் அம்மா முகம் இறுகிப்போயிருந்தது. கொடுத்த பலகாரத்தைத் தொடவில்லை. நவோமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, ரெஜினா கல்யாணம் நம்மால் கெட்டது என்று நினைத்துக்கொண்டே ஜோவான் தேநீர் எடுத்துவர அடுப்படிக்குப் போனாள்.

பின்னாலேயே அந்த அம்மா வந்து நின்றாள். கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்க பிள்ளைய எந்த சென்டர்ல காட்டுறீங்க?"

ஜோவான் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"எங்க மூத்தவன் பையன். மூணு வயசு. இன்னும் ஒரு பேச்சு இல்ல. கூப்பிட்டா திரும்பல. வெளிய யாருக்கும் சொல்லல." அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் மருமக ரூமை விட்டே வர்றதில்லம்மா. பிள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போனா, போனப் பார்த்துக்கிட்டே பால் குடுத்தா, அதான் இப்படின்னு நாங்கதான் சொன்னோம்."

"எல்லா விவரமும் தர்றேன்" என்றாள் ஜோவான். "நம்பர் தர்றேன், கூடவே வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு செய்யணும். இது அவ செஞ்ச தப்பு இல்லன்னு உங்க மருமககிட்ட சொல்லணும். வீட்டுக்குப் போயி இல்ல, இப்பவே."

"நானா சொல்லணும்?"

"நீங்கதான் சொல்லணும். டாக்டர் வந்து சொன்னாலும் ஏறாது. சொன்ன வாயேதான் மாத்திச் சொல்லணும்."

அந்த அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து, அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு மருமகளின் எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்தது.

"சொல்லுங்க அத்தை" என்றது அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பயந்துபோய்.